முணுமுணுவோட அந்தப் பக்கம்

ரயில் இன்ஜின்ல அஞ்சு பொறுக்கணும்னு மேடம் சொன்னதும் எனக்கு நாற்காலியில உட்காரவே முடியல. புது ரூபா நோட்டு அஞ்சு வரப்போகுது, ஒவ்வொண்ணு பின்பக்கத்துலயும் ஒரு இன்ஜின். போன தடவை பறவை, அதுக்கு முன்னாடி பூக்கூடை, இந்தத் தடவை ரயில்!

நான் நோட்டு டிசைன் பிரிவுல கடைசி மேஜை. ஓரத்துல வர்ற வளையம், நெளிநெளியா ஓடற கோடு, மூலையில வர்ற குட்டிப் பூ, இதெல்லாம்தான் என் வேலை. நடுவுல வர்ற பெரிய படத்துக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா ரயில்னா எனக்குக் கிறுக்கு. பாலத்து மேல நின்னு மணிக்கணக்கா வேடிக்கை பார்க்கற ஆளு நான். அது ஆபீஸ் முழுக்கத் தெரியும். அதனாலதான் மேடம், "நீயும் கூட்டத்துக்கு வா. பேசாம உட்காரு"ன்னு கூப்பிட்டாங்க.

பேசாம உட்காரறதா! நானா!

கூட்டத்துல என்னைத் தவிர நாலு பேரு. மேடம்தான் தலைமை. ஒரு சரித்திரப் பேராசிரியர். ஊசி அண்ணன், அதாவது உலோகத் தகட்டுல படத்தைக் கையாலயே வெட்டறவரு. அப்புறம் பாதுகாப்பு அதிகாரி. இவருக்கு நாங்க வெச்ச பேரு கள்ளநோட்டு. ஏன்னா இவர் வேலையே கள்ளநோட்டு அடிக்கறவன் மாதிரி யோசிக்கறதுதான். எந்தப் படத்தைக் காட்டினாலும், "இதை நான் எங்க வீட்டு மாடியிலயே அடிச்சிடுவேனே"ன்னு ஆரம்பிப்பாரு.

மொதல்ல பழைய நீராவி மெயில் இன்ஜினை எடுத்து வெச்சோம். கள்ளநோட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆஹா! எத்தனை கம்பி, எத்தனை ஆணி, மேல புகை வேற. இதை எவனாவது காப்பி அடிக்கப் போனா அவன் கண்ணு அவிஞ்சிடும். பெரிய நோட்டுக்கு இதையே போடுங்க." மலை ஏறற பல்சக்கர இன்ஜின், அதுக்கும் சரின்னுட்டாரு. முதல் மின்சார இன்ஜின், சரி. ஆனா இப்ப ஓடற அதிவேக ரயிலைக் காட்டினதும் மூக்கைச் சுளிச்சாரு.

"என்னம்மா இது, குளியல் சோப்பு மாதிரி இருக்கு? வெட்டறதுக்கு ஒரு கோடு இருக்கா?"

"நல்லா தேய்ஞ்ச சோப்பு"ன்னாரு ஊசி அண்ணன்.

"நாட்டோட பெருமைங்க அது"ன்னு பேராசிரியர் முறைச்சாரு. கடைசியில சோப்பும் உள்ள வந்துடுச்சு. பக்கத்துல ஒரு மேம்பாலத்தைச் சேர்த்து கோடு கணக்கைச் சரிக்கட்டினாங்க.

பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு, இருக்கறதுலயே சின்ன நோட்டு. பேராசிரியர் ராஜா காலத்து ஸ்பெஷல் இன்ஜின் ஒண்ணை வெச்சிருந்தாரு. தங்க முலாம் என்ன, கிரீடம் என்ன! என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல.

"மேடம், சின்ன நோட்டுக்கு ஷன்டிங் இன்ஜின் போடலாம் மேடம்."

"அப்படின்னா?"

"யார்டுக்குள்ளேயே பெட்டியை இங்கேருந்து அங்க தள்ளும், அங்கேருந்து இங்க இழுக்கும், அந்தக் குட்டி டீசல் இன்ஜின். ஊரைத் தாண்டிப் போனதே கிடையாது. ஆனா அது ஒரு நாள் படுத்துடுச்சுன்னா, இந்த மெயிலு சோப்பு எல்லாம் கிளம்பவே முடியாது. சின்ன நோட்டும் அப்படித்தானே மேடம்? பெரிய நோட்டெல்லாம் பீரோவுல தூங்குது. இது பஸ்ஸுலேருந்து கடைக்கு, கடையிலேருந்து இன்னொரு கடைக்குன்னு ஒரே தெருவுல நாள் பூரா அலையுது. ராஜா இன்ஜினை அதுல போட்டா, பாவம், ராஜா கசங்கிடுவாரு."

கள்ளநோட்டு குபுக்குன்னு சிரிச்சுட்டாரு. பேராசிரியர் சிரிக்கல. மேடம் நான் குடுத்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாங்க. பாலத்து மேலேருந்து நானே எடுத்தது. மஞ்சள்ல கறுப்புப் பட்டை போட்ட குட்டி இன்ஜின், ஒரு பக்கம் நீள மூக்கு, பின்னாடி பெட்டிக்கடை மாதிரி ஒரு கேபின்.

"சரி, போடலாம். ஆனா ஒண்ணு"ன்னாங்க மேடம். "போன தடவை பறவைக்கு ஒரு விரல் அதிகமா வரைஞ்சு ஊரே நம்மளைப் பார்த்துச் சிரிச்சுது. இந்தத் தடவை எந்த இன்ஜின்ல ஒரே ஒரு தப்பு இருந்தாலும் அதைத் தூக்கிட்டுப் பழைய பூக்கூடையைப் போட்டுடுவேன். அந்தத் தகடு இன்னும் நம்ம அலமாரியில இருக்கு. உன் இன்ஜினுக்கு நீதான் பொறுப்பு. எல்லாக் கோடும் நிஜத்துல இருக்குன்னு நீதான் கையெழுத்துப் போடணும்."

என் இன்ஜின்! அன்னிக்கு நான் படியில இறங்கல, பறந்தேன்.

வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. நோட்டு வெளிய வர்ற வரைக்கும் பெத்தவங்க கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. மத்தவங்களுக்கு அது ஒரு கஷ்டமே இல்ல. எனக்கு? நானும் எங்கக்காவும் டயர் கடை மாடியில ஒரே வீட்டுல இருக்கோம். அந்தக் குட்டி இன்ஜின் பேரு முணுமுணு. யார்டுல வெச்ச பேரு, சும்மா நிக்கும்போதுகூட ஏதோ புலம்பிக்கிட்டே இருக்குமாம். அதை ஓட்டறது எங்கக்கா!

கூட்டத்துல இதைச் சொன்னேனான்னா, சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல.

அக்கா அன்னிக்கு ஷூவைக் கழட்டி மூலையில வீசிட்டு, "இன்னிக்கு முழுக்க முணுமுணு ஒரே அடம்டீ. ரிவர்ஸ் போடுன்னா அழுவுது. யாரு கண்டுக்கறா அதை?"ன்னா.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. தண்ணியைக் குடிச்சு உள்ள தள்ளினேன்.

"என்னடீ முழிக்கறே?"

"ஒண்ணுமில்லக்கா. விக்கல்."

ஊசி அண்ணன் வெட்டறதைப் பார்த்தா உங்களுக்கே மூச்சு நின்னுடும். தகட்டுல எல்லாத்தையும் இடம் வலமா மாத்தி வெட்டணும், அப்பத்தான் அச்சுல நேரா விழும். அதுக்கு அவர் மேஜையில ஒரு கண்ணாடியை நிறுத்தி, போட்டோவை அது முன்னாடி வெச்சு, கண்ணாடியில தெரியறதைப் பார்த்து வெட்டுவாரு. ஒரு சக்கரம் முடிக்க ஒரு நாள் பூரா ஆகும். அந்த நேரத்துல அவர் பக்கத்துல தும்மினா கொலைதான்.

ஒரு வழியா முணுமுணு முடிஞ்சு, சோதனைக்கு முதல் ப்ரூஃப் அச்சடிச்சு எடுத்தாங்க. நான்தான் ஓடிப் போய் வாங்கினேன். என்ன அழகு! ஆணி ஆணியா, பட்டை பட்டையா. ஆனா பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ பண்ணிச்சு. நம்ம மூஞ்சியைத் தினம் கண்ணாடியில பார்ப்போம்ல, திடீர்னு போட்டோவுல பார்த்தா யாரோ அசலாள் மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. இது முணுமுணுதான். ஆனா முணுமுணு இல்ல.

போட்டோவைப் பக்கத்துல வெச்சேன். போட்டோவுல மூக்கு இடது பக்கம் பார்க்குது. ப்ரூஃப்ல வலது பக்கம்.

"அண்ணே, உங்களுக்கு யாரு பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க?"

"ஸ்கேன் ரூம் தம்பிதான். ஏன்?"

அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். ரொம்பப் பெருமையாச் சொன்னான், "நீங்க இடம் வலமா மாத்தித்தானே வெட்டுவீங்க, உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு நானே திருப்பிக் குடுத்துட்டேன்!"

ஊசி அண்ணன் கண்ணாடியைப் பார்த்தாரு. போட்டோவைப் பார்த்தாரு. திருப்பினதை இவர் மறுபடி திருப்பியிருக்காரு. இன்ஜின் மேல இருக்கற நம்பரை வேற ஒருத்தர் தனியா வெட்டறதால அது மட்டும் சரியா விழுந்திருந்துச்சு, அதான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரல.

"உதவியாம்ல உதவி"ன்னு அவர் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. "பரவால்ல விடும்மா, இன்ஜின் இந்தப் பக்கம் பார்த்தா என்ன, அந்தப் பக்கம் பார்த்தா என்ன?"

"அப்படி இல்லண்ணே. இந்த பிரேக் சக்கரம் இடப்பக்கம் மட்டும்தான். மூக்கு வலது பக்கம் பார்த்துச்சுன்னா நமக்குத் தெரியறது அந்தப் பக்கம். அங்க வேற என்னவோ இருக்கணும். என்னை மாதிரிக் கிறுக்குங்க ஊர்ல நிறைய இருக்கு. முதல் நாளே பிடிச்சிடுவாங்க."

"அப்போ பூக்கூடைதான்."

"மாத்த முடியாதா?"

அவர் தகட்டைத் தடவிக்கிட்டே யோசிச்சாரு. "சின்னச் சின்ன இடம்னா முடியும். பின்னாடிலேருந்து மெல்லத் தட்டி மேல கொண்டுவந்து, தேய்ச்சு, புதுசா வெட்டலாம். சக்கரம், மூக்கு, கேபின் எல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? வித்தியாசமா இருக்கறதை மட்டும் மாத்திட்டா, இது அந்தப் பக்கத்துப் படம் ஆயிடும். ஆனா வெள்ளிக்கிழமை தகட்டைச் சூடு காட்டி இறுக்கிடுவாங்க. அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கீறல் விழாது. அந்தப் பக்கத்து போட்டோ கொண்டா."

அங்கதான் வந்துச்சு வம்பு. அந்தப் பக்கத்து போட்டோ உலகத்துலயே இல்ல. என்கிட்ட இல்ல, என் கிறுக்குக் கூட்டாளிங்க கிட்டயும் இல்ல. முணுமுணு எப்பப் பார்த்தாலும் கடைசித் தண்டவாளத்துல, அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும். ஓடும்போதும் பாலத்துலேருந்து அந்தப் பக்கம் தெரியாது.

ரெண்டு பேருமா மேடம்கிட்டப் போய் உண்மையைச் சொன்னோம். மேடம் கத்தல, அதான் பயமா இருந்துச்சு. "வெள்ளிக்கிழமை காலையில சரியான படம் என் மேஜையில இருக்கணும். இல்லேன்னா பூக்கூடை"ன்னாங்க. பேராசிரியர் வாசல்ல நின்னுக்கிட்டு, "ராஜா இன்ஜின் எப்பவுமே ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்"ன்னு சொல்லிட்டுப் போனாரு. வேணும்னேதான்.

அன்னிக்கு ராத்திரி அக்காகிட்டக் கேட்டேன். "அக்கா, முணுமுணுவோட அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டேன்."

தலை துவட்டிக்கிட்டிருந்தவ அப்படியே நின்னுட்டா. "எதுக்கு?"

"சும்மா."

"சும்மா யாராவது இன்ஜினோட முதுகைப் பார்ப்பாங்களா? யார்டுல எவனாவது மாட்டியிருக்கானா? தண்டவாளத்துல பாயிண்ட்ஸ் மாத்தி ரயிலைத் திருப்பி விடற அந்த ஒல்லிக்குச்சியா?"

"ஐயோ, அவன் மூஞ்சியும் அவனும்! இல்லக்கா, நிஜமாவே இன்ஜினைத்தான்."

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. போய்த் தூங்கு."

எங்கக்கா எதையும் இப்படிப் பட்டுனு மூட மாட்டா. நான் விடுவேனா? பாத்திரம் நான் தேய்க்கறேன்னேன். அசையல. துணியும் நானே துவைக்கறேன்னேன். அதுக்கும் அசையல. "நீ காட்டலேன்னா அந்த ஒல்லிக்குச்சிகிட்டயே போய்க் கேக்கறேன்"ன்னேன். அதுக்குத்தான் அசைஞ்சா.

"சனியனே! நாளைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் வா. வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் கேட்டுல என் பேரை எழுதிக் குடுத்து, தலையில ஒரு ஹெல்மெட்டைக் கவுத்து, கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. யார்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அக்கா கேபின்ல ஏறி, முணுமுணுவைச் சுவரை விட்டு மெல்ல வெளிய கொண்டுவந்து நிறுத்தினா. புலம்பிக்கிட்டேதான் வந்துச்சு.

நான் சுத்திப் போய்ப் பார்த்தேன். காத்து டாங்க், ஒரு ஏணி, மணல் பெட்டி. எல்லாம் வேற வேற. படபடன்னு வரைய ஆரம்பிச்சேன். அப்பத்தான் பார்த்தேன், ஏணிக்குப் பக்கத்துல மூக்கோட தகடு உள்ள குழிஞ்சிருக்கு. நல்லா ஒரு அண்டாவைக் கவுத்து வெக்கற அளவு. மேல கையால மஞ்சள் பெயிண்ட் அப்பியிருக்கு. கறுப்புப் பட்டை அந்தக் குழியில இறங்கி வளைஞ்சு ஏறுது.

"அக்கா, இது..."

"கத்தாதே." அக்கா ரெண்டு பக்கமும் பார்த்தா. "சேர்ந்த முதல் வாரம். சரக்கு மேடைத் தூணுல இடிச்சுட்டேன். ரிவர்ஸ்ல பார்க்கல. அந்த நேரம் யாரும் இல்ல. ஷெட் மெக்கானிக்குக்கு மட்டும் தெரியும், அவருக்கு டீ வாங்கிக் குடுத்தே என் பாதி சம்பளம் காலி."

"அதனாலதான் சுவர் பக்கமா..."

"பின்ன? இந்த யார்டுல நான் ஒருத்திதான் பொம்பளை டிரைவர். நான் சேர்ந்த அன்னிக்கே, 'பொம்பளை கையில இன்ஜினா, சுவரெல்லாம் ஜாக்கிரதை'ன்னு சிரிச்சானுங்க. இது தெரிஞ்சா அவனுங்களுக்குத் தீபாவளி மாதிரி ஆயிடாதா? ரிட்டயர் ஆகற வரைக்கும் இதையே சொல்லிச் சொல்லிச் சாவடிப்பானுங்க."

அந்த நேரம் பார்த்து தூரத்துல யாரோ விசில் அடிச்சுக்கிட்டு வர்ற சத்தம். அக்கா படக்குன்னு ஏணிக்குப் பக்கத்துல போய் முதுகை அந்தக் குழியில சாச்சு நின்னுக்கிட்டா. ஒரு கை கம்பியில. மூஞ்சி சத்தம் வந்த பக்கம் திரும்பியிருக்கு. குழி காணாமப் போயிடுச்சு. நின்ன தினுசுலேயே தெரிஞ்சுது, இது பழகின நிப்பு. எத்தனை தடவை இப்படி நின்னிருப்பா!

விசில் வேற பக்கம் போயிடுச்சு. அக்கா மூச்சு விட்டா. "நீ வரையறியே, அதை யார்கிட்டயும் காட்ட மாட்டேல்ல?"

நாட்டுல இருக்கற ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளயும் போகப்போகுதுக்கா, அப்படின்னு எப்படிச் சொல்றது?

"ம்"ன்னேன்.

ஊசி அண்ணன் என் படத்தைப் பார்த்ததும் முதல்ல விரலை வெச்சது குழி மேலதான். "அடடா, இது என்ன அருமையான நசுங்கல்! பட்டை எப்படி வளையுது பாரு. கள்ளநோட்டு இதைப் பார்த்தா உன்னைக் கட்டிப் பிடிச்சுக்குவாரு. இதை எவனாலயும் காப்பி அடிக்க முடியாது."

"அது வேண்டாம்ணே. வழவழன்னு வெட்டிடுங்க."

"நிஜத்துல இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"இருக்கறதை நான் விட மாட்டேன். நீயும் கையெழுத்துப் போட முடியாது. மறுபடி பறவை விரல் கதை வேணுமா?"

நான் மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டேன். இன்ஜினைக் காப்பாத்தினா அக்கா மானம் போகுது. அக்கா மானத்தைக் காப்பாத்தினா பூக்கூடை வருது. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னா வேலையே போயிடும். ஊசி அண்ணன் என்னைப் பார்த்துட்டு ஒண்ணும் கேக்காம பென்சில் சீவிக்கிட்டிருந்தாரு. நல்ல மனுஷன்.

அப்படியே கவுந்து கிடக்கும்போது கண்ணுல அவ நின்ன நிப்பு வந்துச்சு. டக்குன்னு எழுந்தேன்.

"அண்ணே, நான் பார்த்தப்போ அந்த இடத்துல ஒரு ஆளு சாஞ்சு நின்னாங்க. அதுவும் நிஜம்தானே?"

"நீ கண்ணால பார்த்தியா?"

"கண்ணால பார்த்தேன்."

"அப்போ நிஜம்தான். ஆளு எந்த உயரம்?"

வரைஞ்சேன். ஹெல்மெட், சட்டை மடிப்பு, கம்பியைப் பிடிச்ச கை. என் கை அவ்ளோ வேகமா ஓடினதே இல்ல.

வெள்ளிக்கிழமை காலையில கள்ளநோட்டு பூதக்கண்ணாடியை வெச்சுப் பார்த்தாரு. "உயிரோட இருக்கற ஆளு நோட்டுல வரக் கூடாதே. சட்டம்."

"மூஞ்சி தெரியல சார். அந்தப் பக்கம் திரும்பி இருக்காங்க. மீதியை ஹெல்மெட் மறைச்சிடுது."

"ம். மூஞ்சி இல்லேன்னா ஆள் இல்ல." அவர் இன்னும் குனிஞ்சாரு. "சட்டையில எத்தனை மடிப்பு! நல்லா இருக்கு. என்னால அடிக்க முடியாது." அவர் வாயிலேருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

மேடம் என்னைப் பார்த்தாங்க. "இதுல இருக்கற ஒவ்வொண்ணும் நீ பார்த்ததுதானா?"

"ஒவ்வொண்ணும் மேடம்."

நான் பார்த்த ஒவ்வொண்ணும் இதுல இருக்கான்னு அவங்க கேக்கல. கையெழுத்துப் போட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்காம ஆரம்பிச்சு வெச்சிருந்த ஊசி அண்ணன், மத்தியானத்துக்குள்ள தட்டி, தேய்ச்சு, வெட்டி முடிச்சாரு. சாயங்காலம் தகடு உலைக்குள்ள போச்சு. ராஜா இன்ஜின் பேராசிரியர் பையோட வீட்டுக்குப் போச்சு.

நோட்டு வெளிய வந்த அன்னிக்கு அக்கா படியெல்லாம் தடதடன்னு ஏறி வந்தா. கையில புத்தம் புதுச் சின்ன நோட்டு.

"டீ! இது நம்ம முணுமுணு! யார்டே கூத்தாடுது! நீதானா? இத்தனை நாளா விக்கல் விக்கல்னு..." முதுகுல ஒரு அறை. வலிச்சுது, ஆனா சந்தோஷமான அறை. அப்புறம் நோட்டை மூக்குக்கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. "எல்லாம் சரிதான், யாரு இது? டிரைவர் ஏன் கீழ நின்னு சாஞ்சுக்கிட்டிருக்கா? இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போது அங்க நிக்கவே கூடாது. ரூல்ஸ் தெரியாத கழுதை..."

நிறுத்தினா.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்.

அக்கா மெல்ல ஜன்னல்கிட்டப் போனா. நல்ல நோட்டா கள்ள நோட்டான்னு எல்லாரும் பார்ப்பாங்களே, அந்த மாதிரி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, அந்தப் பொம்பளை முதுகுக்குப் பின்னாடி ஏதாவது தெரியுதான்னு ரொம்ப நேரம் பார்த்தா.

"தெரியாதுக்கா"ன்னேன்.

மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் திரும்பாமலே கேட்டா.

"அதுக்காக என் முதுகு இவ்ளோ அகலமாடீ?"